மூன்று என்று எழுதிய பதினேழு நாட்கள்

லில்லி சிஸ்டர் இதை எழுதித் தரச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வேலை செய்யும் வலி கிளினிக்குக்குப் புதிதாக வரும் குடும்பங்களில் பல பேர், மார்பின் என்ற வலி மருந்தின் பெயரைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போகிறார்களாம். டாக்டர் சொன்னாலும் நம்புவதில்லை, நர்ஸ் சொன்னாலும் நம்புவதில்லை. நான் சொன்னால் நம்புவார்கள், நான் செய்ததை அப்படியே சொன்னால் போதும் என்கிறார். செய்ததைச் சொல்வதுதானே கஷ்டம். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது அதனால்தான்.

என் பெயர் ஏகாம்பரம். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். பத்தொன்பது வயதில் பெங்களூர் வந்து, பீன்யாவில் லாரிகளுக்கு ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, செய்யும் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பிறகு லைன் இன்ஸ்பெக்டர் ஆனேன். லேத் மிஷினில் கடைந்து இறங்கும் ஷாஃப்டை அளந்து, வந்த அளவை ரெஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. அளக்காமலே எழுதுகிறவனை ரெஜிஸ்டரைப் புரட்டிய மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அவன் எழுதும் அளவெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உண்மையாக அளந்தால் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த மாதிரி ஆட்களை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். கம்பெனியில் எனக்குக் கறார் ஏகாம்பரம் என்று பெயர்.

என் மனைவி ரேணுகா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அவள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். தமிழில் பேசுவாள், பாடுவாள், என்னோடு சண்டை போடும்போது என்னைவிட நன்றாகவே பேசுவாள். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்கு நேர்மாறு. கன்னடம் பேச வரும், பஸ் போர்டு படிக்க வராது. கல்யாணமான புதிதில் போர்டை அவள் படிப்பாள், ஊரிலிருந்து வரும் கடிதத்தை நான் படிப்பேன். இப்படித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. பிரேசர் டவுனில் நாங்கள் இருந்த காம்பவுண்டு வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அங்கன்வாடியில் அவள் டீச்சர். தனக்கு முப்பது குழந்தைகள் என்று சொல்லிக்கொள்வாள்.

முதலில் உடம்பெல்லாம் அரிப்பு என்றாள். வேர்க்குரு என்று நினைத்தோம். பத்து நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலைதானே என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். உப்பில்லாத சோறு போட்டேன். என் பேச்சைக் கேட்டு அவள் அதையும் மூன்று வாரம் சாப்பிட்டாள். மஞ்சள் இறங்கவில்லை, உடம்புதான் இறங்கியது. ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆனது. அங்கன்வாடியில் குழந்தைகளை நிறுத்தி எடை பார்க்கும் மிஷினில் தானே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, தானும் போஷாக்குக் குறைந்த குழந்தைகள் லிஸ்டில் சேர்ந்துவிட்டதாகச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த பெஞ்சுகளை நான் மறக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்காமல் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணையத்தில் கட்டி என்றார்கள். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் சின்ன உறுப்பு. கட்டி பித்தக் குழாயை அழுத்துவதால் பித்தம் போக வழியில்லாமல் மஞ்சள் ஏறுகிறது. வயிற்றைத் திறந்து பார்த்த சர்ஜன், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே என்னையும் ரேணுவின் தங்கை சாந்தாவையும் நிற்கவைத்துச் சொன்னார். புற்றுநோய்தான். பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க முடியாது. பித்தம் போக மாற்று வழி மட்டும் செய்து மூடிவிட்டோம். மஞ்சள் இறங்கும், அரிப்பு நிற்கும், ஆனால் சில மாதங்கள்தான். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். அந்த ஆளை அன்றைக்கு அடிக்கலாம் போலிருந்தது. அவர் வேறு எப்படித்தான் சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ரேணுவிடம் சொல்லக்கூடாது என்று அந்த வராந்தாவிலேயே நானும் சாந்தாவும் முடிவு செய்தோம். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது அதுதான். பித்தக் குழாயில் கல், எடுத்தாயிற்று, உள்ளே புண் ஆற நாளாகும் என்றேன். அவள் சரி என்றாள். சாந்தா அத்திபெலேவில் தன் வீட்டை மாமியாரிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினாள். அக்காவுக்கு ராகிக் கஞ்சி காய்ச்சுவதும், தலை வாரிவிடுவதும், நான் வீட்டில் இல்லாதபோது குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவதும் அவள் வேலையாகிப் போனது.

மஞ்சள் இறங்கியது. வலி வந்தது. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும் வலி. மல்லாந்து படுத்தால் தாங்காது, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலை. அதனால் டிரங்குப் பெட்டியின் மேல் தலையணையைப் போட்டு, அதைக் கட்டிக்கொண்டு குனிந்தபடியே உட்கார்ந்திருப்பாள். மூன்று வாரம் அவள் படுத்துத் தூங்கவே இல்லை. கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர், வலிக்கென்றே தனியாக ஒரு கிளினிக் இருப்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே லில்லி சிஸ்டரைத்தான் முதலில் பார்த்தோம். கேரளாக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நோய் என்ன என்று கேட்கவில்லை, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பிறகு ஒரு அட்டையைக் காட்டினார். சைபரிலிருந்து பத்து வரை கோடு. சைபர் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் நினைத்துப்பார்க்க முடிகிற வலியிலேயே பெரிய வலி. எத்தனை என்று அவரவரே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக்கூடாது. ஸ்கூலில்தான் பத்துக்குப் பத்து வாங்கினதில்லை, இங்கேயாவது வாங்குகிறேன் என்றாள் ரேணு. பிறகு ஒன்பது என்றாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே எழுதினார், எழுதியதும் சிரிப்பை நிறுத்தினார்.

டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். மார்பின் வாய்வழி மருந்து, ஒரு திரவம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு துரத்திக்கொண்டு ஓடக்கூடாது, வராமலே தடுக்க வேண்டும். காலை ஆறு, பத்து, இரண்டு, ஆறு, இரவு படுக்கும்போது இரட்டை அளவு. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் மருந்து உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் வரும், பிறகு சரியாகிவிடும். இந்த முறையில் வலி அடங்கும் என்று வெளிநாடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் வீடுகளில், நர்ஸ் இல்லாமல் வீட்டு மனிதர்கள் கையால் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இவர்களுடைய ஆராய்ச்சி. சம்மதித்தால் ஒரு நோட்டுப் புத்தகம் தருவார்கள். தினம் இரண்டு வேளை வலி எத்தனை, மருந்து எப்போது கொடுத்தோம், வாந்தி, தூக்கம், மலம் எல்லாம் அதில் எழுத வேண்டும். முதல் பாட்டில் பத்து நாளுக்கு, அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் சிஸ்டர் வீட்டுக்கு வந்து பழைய பாட்டிலில் மீதியை அளந்து எடுத்துக்கொண்டு புது பாட்டில் தருவார். எழுதுவது, அளப்பது என்றால் நமக்குக் கை வந்த கலை. உடனே சரி என்றேன்.

ஆனால் சம்மதப் படிவத்தில் நோயாளிதான் கையெழுத்துப் போட வேண்டும், நானே போடக்கூடாது என்றார் டாக்டர். படிவத்தில் புற்றுநோய் என்று நாலு இடத்தில் இருந்தது. மார்பின் என்று அதைவிட அதிகமாக இருந்தது. கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் படிவம் இருப்பதாக சிஸ்டர் சொன்னதும், தமிழ் கொடுங்கள் என்று முந்திக்கொண்டேன். தமிழ் பேசுகிறவர்களுக்குத் தமிழ்ப் படிவம், அவருக்கு என்ன சந்தேகம் வரும்? ரேணு என்னை ஒருமுறை பார்த்தாள். நான் உரக்கப் படித்தேன். புற்றுநோய் வந்த இடத்தில் எல்லாம் வயிற்றுப்புண் என்று படித்தேன். மார்பின் வந்த இடத்தில் வலி மருந்து என்று படித்தேன். தடுமாறவே இல்லை. அவள் கடைசிப் பக்கத்தில் தன் உருண்டைக் கன்னட எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்க ஓடினேன்.

வெள்ளிக்கிழமை மருந்து ஆரம்பித்தோம். சனிக்கிழமை மத்தியானம் அவள் படுத்தாள். மல்லாந்து படுத்தாள். அப்படியே ஞாயிறு காலை வரை தூங்கினாள். மருந்துக்கு எழுப்பினால் விழுங்கிவிட்டு மறுபடி தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் பசவராஜு முந்தின நாள் சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் அப்பாவுக்கும் இந்த மருந்தைத்தான் போட்டார்களாம். இரண்டே நாளில் ஆள் முடிந்துவிட்டாராம். டாக்டர் கைவிட்ட கேஸுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள் என்றான்.

தூக்கம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் பயம் வந்தவனுக்கு நினைவு என்ன செய்யும்? என் கையாலேயே அவளைக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றிவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணி மருந்தைக் கொடுத்தேன். பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி மருந்தைக் கொடுக்கவில்லை. ராத்திரி ஒரு வேளை, அதுவும் ஒற்றை அளவு. பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். சாந்தாவிடம் மருந்து இரண்டு வேளைதான் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை ரேணு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பார்த்தாயா, நான் செய்ததுதான் சரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எத்தனை என்று கேட்டால் மூன்று என்பாள். காலையில் கேட்டால் மூன்று. மறுநாளும் மூன்று. தலையணையைக் கட்டிக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தபடியே மூன்று என்பாள். கண் இருந்தவன் பார்த்திருக்கலாம். எனக்கு மூன்று வேண்டியிருந்தது, எழுதிக்கொண்டேன். கொடுக்காத வேளைகளுக்கு நேரே கொடுத்ததாக டிக் போட்டேன். பாட்டிலில் மீதிக் கணக்கு இடிக்குமே? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். சிஸ்டர் வருவதற்கு முந்தைய ஞாயிறு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, எவ்வளவு மீதி இருக்க வேண்டுமோ அவ்வளவு விட்டுவிட்டு, அதிகமாக இருந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். அடுத்த ஞாயிறும் ஊற்றினேன்.

ஊற்றும்போதும் அளந்துதான் ஊற்றினேன். அளவு ஒரு மில்லிகூடப் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மருந்தைக் குறைத்த பதினெட்டாவது நாள், ஒரு புதன்கிழமை, கம்பெனிக்கு போன் வந்தது. சாந்தா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். அக்கா வாந்தி எடுத்து, வலியில் சுருண்டு விழுந்துவிட்டதாகவும், கிளினிக்குக்கு போன் பண்ணு என்று அக்காவே சொன்னதாகவும், சிஸ்டர் வந்திருப்பதாகவும் சொன்னாள். இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

உள்ளே நுழைந்தால் ரேணு சுவரில் சாய்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தச் சுருக்கம் இல்லை. எத்தனை நாளாக அந்தச் சுருக்கம் இருந்தது என்பதே அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சிஸ்டர் தன் பையில் இருந்த மருந்தைக் கொடுத்திருந்தார். என்னிடம் பீரோ சாவியைக் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை கொடுத்த பாட்டிலை எடுத்து அளந்தார். இரண்டு நாளில் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, இனி மருந்தை வேளா வேளைக்கு சாந்தாவே கொடுக்கட்டும் என்று அவளுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் ரேணு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"கோச்சுக்காதீங்க. சிஸ்டர்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். இன்னைக்கு முடியலீங்க, அதான் ஒம்பதுன்னு சொல்லிட்டேன்."

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாள்.

"அந்த ஃபாரத்தை நான் கன்னடத்துல படிச்சிட்டேன். அன்னைக்கே. நான் கன்னடத்துல கையெழுத்துப் போட்டதைப் பார்த்துட்டு, நீங்க மருந்து வாங்கப் போனப்போ சிஸ்டர் கன்னட ஃபாரத்தைக் குடுத்து, படிச்சுட்டு இதுலயும் போடுங்கன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன்."

நோயின் பெயர், மருந்தின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எல்லாம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் குறைத்துக் கொடுத்ததும் தெரியும். அப்புறம் ஏன் மூன்று என்று சொன்னாய் என்று கேட்டேன். கேட்கும்போது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

"நான் பெருசா ஒரு நம்பர் சொன்னா, மருந்து சரியா குடுத்தீங்களான்னு உங்களைத்தான் கேப்பாங்க. நாலு பேர் முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்கறதை என்னால பார்க்க முடியாதுங்க."

பிறகு அவள் சாதாரணமாக ஒன்று கேட்டாள். அங்கன்வாடியில் மாவு மூட்டைக் கணக்கெல்லாம் எழுதிப் பழகியவள் அல்லவா, மீதி எங்காவது இருந்தாக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மிச்ச மருந்தை வேறு பாட்டிலில்தானே ஊற்றி வைத்திருக்கிறீர்கள், அதையும் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள், இந்த மருந்து எளிதில் கிடைப்பதில்லையாம், வேறு யாருக்காவது ஆகும் என்றாள். நான் தலையை ஆட்டினேன். மறுபடியும் ஒரு பொய்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றியதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அவர் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது, எதற்குப் பயந்தீர்கள் என்று. அவள் தூங்கிக்கொண்டே இருந்ததைச் சொன்னேன்.

"உங்க மனைவி சாகறதுக்காகத் தூங்கல, ஏகாம்பரம். மூணு வாரமா தூங்காததைத் தூங்கினாங்க. ரெண்டு நாள் விட்டிருந்தா அவங்களே எழுந்திருப்பாங்க."

இதை வாசிக்கிற யாருக்காவது இந்தப் பயம் இருந்தால், இந்த ஒரு வரி போதும். மற்றதை எல்லாம் மறந்துவிடலாம்.

எங்களை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவீர்களா என்று கேட்டேன். நீக்க மாட்டோம், வீட்டார் பயந்து மருந்தைக் குறைத்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான், அதையும் எழுதுவோம் என்றார். அந்தப் பதினேழு நாள் எண்களைத் திருத்தித் தரட்டுமா என்றேன். பிறகு நினைத்துச் சொல்லும் எண்ணை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள முடியாது, ரேணுகா விரும்பினால் உங்களுக்காக எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கடைசியாக, ஊற்றியதை ரேணுகாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நோட்டுப் புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

சாந்தா கையால் மருந்து வேளைக்கு வேளை உள்ளே போனது. ரேணு இரண்டு நாள் தூங்கினாள், மூன்றாம் நாள் எழுந்தாள், டாக்டர் சொன்னபடியே. எண் இரண்டுக்கு வந்தது. சில வேளை நாலு ஏறும், மறுபடி இறங்கும். உயிருள்ள அளவு. அங்கன்வாடிக் குழந்தைகள் வாசலில் வந்து எட்டிப்பார்த்தன, உள்ளே கூப்பிட்டுப் பாட்டுச் சொல்லச் சொன்னாள். என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் போலவே நடித்துக் காட்டி சாந்தாவைச் சிரிக்கவைத்தாள். சிஸ்டர் வந்து மலம் போனதா என்று ஆவலாக விசாரிக்கும்போது, பரீட்சை ரிசல்ட் சொல்வதுபோலச் சொல்வாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மாதிரிப் பதினேழு நாளை நான் அவளிடமிருந்து எடுத்திருந்தேன். அவளிடம் இருந்ததே கொஞ்ச நாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திருத்தலாமா என்று கேட்டேன். சரி என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கம்பெனியில் தப்பான அளவை அழிக்கக்கூடாது, மேலே எழுதி மறைக்கவும் கூடாது. தப்பு தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதேபோலச் செய்தேன். நான் நாளைப் படித்தேன், அவள் எண்ணைச் சொன்னாள். திங்கள், ஆறு. செவ்வாய், ஏழு. புதன், எட்டு. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை பிறந்தநாள் கேக் கொண்டுவந்ததாகவும், எழுந்து நின்று வாங்கியதாகவும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அவளுக்கு நினைவிருந்தது. அதில் எந்த நாளுமே எனக்கு நினைவில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கு வந்தோம்.

"பத்து," என்றாள். "அன்னைக்குத்தான் பத்து. நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. கூப்பிடலாம்னு பார்த்தேன். குழாய் சத்தத்துல உங்களுக்குக் கேக்காதுன்னு விட்டுட்டேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் குளிக்கல, ரேணு."

எல்லாவற்றையும் சொன்னேன். வேறு பாட்டில் ஒன்றும் இல்லை என்றேன். இரண்டு ஞாயிறும் எவ்வளவு எவ்வளவு ஊற்றினேன் என்று அளவோடு சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. நான் பேசி முடித்த பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை திரும்பவில்லை. சாந்தா என்ன என்று கண்ணால் கேட்டாள், நான் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு சாந்தா பாட்டிலையும் அளவுக் கோப்பையையும் எடுத்தாள். உள்ளே ரேணுவின் குரல் கேட்டது.

"நீ வெச்சிடு சாந்தா. மாமாவைக் கூப்பிடு. அவர் ஊத்தட்டும்."

உள்ளே போனேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கோடு வரை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி, ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்து, கோடு வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடித்தாள்.

அதன் பிறகு முப்பத்தோரு நாள் இருந்தாள். கம்பெனிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வேளை மருந்தைக்கூட நான் வேறு கைக்கு விடவில்லை. என்னோடு பேசினாள், என்னைக் கேலி செய்தாள், என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். மருந்துக் கோப்பையை மட்டும் ஒவ்வொரு வேளையும் வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். கடைசி இரண்டு நாள் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்போது நான் ஊற்றியதை சாந்தாவிடம் காட்டி, அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் வாயில் விட்டேன்.